உலகுக்குத் தைலமரம் கொடுத்தவர், தன் தோட்டத்தை இழந்தவர்

திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாய்ப் பக்கம் சிறிய நர்சரி வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், சென்ற மாதம் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அரை அடி ஆழம்கூட இல்லாத மண் தொட்டி. அதில் முழங்கை உயரத்தில் ஒரு தைலமரம். அடிமரம் பருத்து, பட்டை உரிந்து, இரண்டாகக் கிளைத்து, நுனியில் கொத்துக் கொத்தாக இலை. காட்டில் ஐம்பது அடி உயரம் நிற்கும் மரத்தைச் சுருக்கி வைத்தது போலவே இருந்தது.

அவருக்கு ஒரு தயக்கம். ஊரே திட்டுகிற இந்த மரத்தைப் போன்சாய் ஆக்கி விற்கலாமா, வாங்குவார்களா என்று கேட்டார். மரத்தைப் பற்றிப் பேசும் முன், அதை உலகுக்கு அறிமுகம் செய்தவரின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது என்று சொன்னேன். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

மருந்துக் கடைப் பையன்

ஃபெர்டினாண்ட் வான் முல்லர் 1825 ஜூன் 30 அன்று ஜெர்மனியின் வடகடலோர நகரமான ராஸ்டாக்கில் பிறந்தார். அப்பா சுங்கத் துறை அலுவலர். பதினைந்து வயது முடிவதற்குள் தாய், தந்தை இருவரையும் இழந்தார். ஹுசும் என்ற ஊரில் ஒரு மருந்துக் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். அந்தக் காலத்து மருந்துக் கடை என்பது நம் ஊர் நாட்டு மருந்துக் கடை போன்றது. வேர், பட்டை, இலை எல்லாம் கைக்குப் பழக வேண்டும். எது மருந்து, எது விஷம் என்று பார்த்ததும் சொல்ல வேண்டும். செடிகளை அடையாளம் காணும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது. ஓய்வு நாட்களில் வயல் வரப்புகளில் செடி சேகரித்தார். பிறகு கீல் பல்கலைக்கழகத்தில் படித்து, 1847இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் குடும்பத்தைக் காசநோய் விடாமல் துரத்தியது. வெப்பமான நாட்டுக்குப் போனால் பிழைக்கலாம் என்று ஆலோசனை சொன்னார்கள். அதே ஆண்டு இரண்டு சகோதரிகளை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். 1847 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் இறங்கி, மறுபடியும் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார்.

விவசாயிகளுக்குப் பிடித்த ஒரு செய்தி இங்கே உண்டு. முல்லர் விவசாயமும் செய்து பார்த்தார். அடிலெய்டுக்கு அருகே 20 ஏக்கர் நிலம் பிடித்து, குடிசை போட்டு, தங்கையோடும் நண்பரோடும் குடியேறினார். சில மாதங்களில் விட்டுவிட்டு, பழைய வேலைக்கே திரும்பிவிட்டார். செடியின் பெயர் தெரிவது வேறு, செடியை வைத்துப் பிழைப்பது வேறு என்று அவருக்குப் புரிந்திருக்கும்.

குதிரையில் போன தாவரவியலாளர்

1852இல் மெல்பர்ன் நகருக்கு இடம் மாறினார். மறு ஆண்டு ஜனவரியில் விக்டோரியா மாகாண அரசு அவரைத் தாவரவியலாளராக நியமித்தது. அப்போது வயது 27. மாகாணத்தில் என்னென்ன செடி, மரம் இருக்கிறது என்ற பட்டியலே முழுமையாக இல்லாத காலம். முல்லர் குதிரை ஏறிக் கிளம்பினார். பல நாட்கள் தனியாகவே போனார். பஃபலோ மலை, மாகாணத்தின் மிக உயர்ந்த சிகரமான போகாங் மலை என்று ஒவ்வொன்றாக ஏறினார். போகாங்கின் உயரம் 1,986 மீட்டர்.

அந்த மலைகளில் பனி யூகலிப்டஸ் என்ற ஓர் இனம் வளர்கிறது. அடிவாரத்தில் நேராக வளரும் அதே மரம், உச்சிக்கு அருகே பனியும் காற்றும் அடித்து ஆள் உயரத்துக்குக் குறுகிவிடும். தண்டு முறுக்கிக்கொண்டு, கிளை ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். நம் திருப்பரங்குன்றம் மலையிலும் இதைப் பார்க்கலாம். பாறை இடுக்கில் முளைத்த இச்சியோ அரசோ பல வருடம் ஆகியும் இடுப்பு உயரம் தாண்டாமல், ஆனால் கிழட்டு மரம் போலத் தண்டு பருத்து நிற்கும். மண்ணும் நீரும் குறைந்த இடத்தில் மரம் தன்னைத்தானே சுருக்கிக்கொள்கிறது. தொட்டியில் நாம் செய்யும் போன்சாய் இந்த வேலையின் நகல்தான்.

1855, 1856 ஆண்டுகளில் அகஸ்டஸ் கிரிகோரி தலைமையில் ஆஸ்திரேலியாவின் வடபகுதியை ஆராயப் போன குழுவில் முல்லரும் ஒருவர். வடமேற்கில் விக்டோரியா ஆற்றிலிருந்து கிழக்குக் கடற்கரையின் பிரிஸ்பேன் பகுதி வரை தரை வழியாகவே வந்து சேர்ந்தார்கள். வழியெல்லாம் செடி பறித்து, அழுத்தி, உலர்த்தி, எண் போட்டுக் கட்டினார். இப்படிச் சேர்த்தவைதான் விக்டோரியா தேசிய உலர்தாவரத் தொகுப்பின் அடித்தளம். இன்று அதில் சுமார் 15 லட்சம் மாதிரிகள் உள்ளன. கேக்கிலும் சாக்லேட்டிலும் போடும் மக்கடாமியா கொட்டை மரத்துக்கு 1857இல் அந்தப் பெயரைச் சூட்டியவரும் இவர்தான்.

ஒரு பெயரில் எழுநூறு மரங்கள்

நாம் தைலமரம் என்றோ ஆர்.எஸ்.பதி மரம் என்றோ ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். யூகலிப்டஸில் 700க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆற்றங்கரையில் வெள்ளம் தாங்குவது ஒன்று, மழை குறைந்த பாலையில் நிற்பது ஒன்று, பனியில் வாழ்வது ஒன்று. இலையும் பட்டையும் வயதுக்கு வயது மாறுவதால் ஓர் இனத்தை இன்னொன்றாக நினைத்துவிடுவது எளிது. முல்லர் இந்தச் சிக்கலை அவிழ்ப்பதில் வாழ்நாளில் பெரும் பகுதியைச் செலவிட்டார். 1879 முதல் 1884 வரை, பத்துப் பகுதிகளாக 100 இனங்களைப் படத்தோடு விளக்கி யூகலிப்டோகிராஃபியா என்ற நூலை வெளியிட்டார்.

அவர் 1871இல் பெயரிட்ட யூகலிப்டஸ் ரெக்னன்ஸ் என்ற மரம், பூக்கும் மரங்களிலேயே உலகில் மிக உயரமானது. டாஸ்மேனியாவில் இந்த இனத்தின் ஒரு மரம் சுமார் 100 மீட்டர் உயரம் நிற்கிறது. ஆனால் இந்த மரம் தீயில் கருகினால் பெரும்பாலும் செத்துவிடும், விதையிலிருந்துதான் அடுத்த தலைமுறை வர வேண்டும். நம் ஊரில் காகித ஆலைக்காக வளர்க்கும் இனங்கள் அப்படி இல்லை. வெட்டினால் தூரிலிருந்து மறுதாம்பு தழைக்கும். ஒரே குடும்பத்து மரங்களுக்குள் இவ்வளவு வித்தியாசம். எந்த இனம் என்று தெரியாமல் அரிவாள் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதுவே போதும்.

விதைப் பொட்டலங்கள்

1857இல் மெல்பர்ன் தாவரவியல் பூங்காவின் இயக்குநராகவும் முல்லர் ஆனார். அங்கிருந்து உலகின் பல நாடுகளுக்குத் தபாலில் விதை போனது. வேகமாக வளரும், விறகாகும், மரமாகும், இலையிலிருந்து எண்ணெய் வரும் என்று எழுதி எழுதி அனுப்பினார். ஜோசப் போசிஸ்டோ என்ற மருந்தாளுநர் 1850களில் யூகலிப்டஸ் எண்ணெயை வணிக அளவில் வடிக்கத் தொடங்கியதற்குப் பின்னால் முல்லரின் ஊக்கம் இருந்தது. நாம் சளிக்குத் தடவும் நீலகிரித் தைலத்தின் மூதாதை அதுதான்.

இந்தியாவுக்கு இந்த மரம் முல்லருக்கு முன்பே வந்துவிட்டது. நீலகிரியில் 1843இல் வெலிங்டன் பகுதியில் நட்டார்கள். பிறகு விறகுத் தேவைக்காக மலைகளில் பரவியது. எந்த மரத்தை எங்கே நடலாம் என்று தேடியவர்களுக்கு முல்லரின் எழுத்து வழிகாட்டியானது. பயன் தரும் மரம், செடிகளைத் தொகுத்து அவர் எழுதிய கையேட்டின் இந்தியப் பதிப்பு 1880இல் கல்கத்தாவில் அச்சானது.

அன்றைக்கு இந்த மரத்துக்குக் கிடைத்த பெரிய புகழ், காய்ச்சலை விரட்டும் மரம் என்பது. சதுப்பு நிலத்தின் கெட்ட காற்றால்தான் மலேரியா வருகிறது என்று நம்பினார்கள். தைல வாசனை காற்றைச் சுத்தம் செய்யும் என்று எண்ணி, ரோம் நகருக்கு அருகே துறவி மடத்தைச் சுற்றிய சதுப்பில்கூட 1870களில் இந்த மரத்தை நட்டார்கள். முல்லர் இறந்த மறு ஆண்டு, 1897 ஆகஸ்டில், நம் நாட்டின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் உடலில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். வாசனைக்கும் காய்ச்சலுக்கும் தொடர்பு இல்லை என்று தெரிந்தது. மரம் ஏதாவது உதவி செய்திருந்தால், அது தேங்கிய நீரை வேர் வழியே உறிஞ்சியதால் இருக்கலாம்.

கொஞ்சம் நின்று யோசியுங்கள். சதுப்பில் எந்தக் குணத்துக்காக இந்த மரத்தைக் கொண்டாடினார்களோ, அதே குணத்துக்காகத்தான் இன்று புதுக்கோட்டை, சிவகங்கை விவசாயிகள் இதை எதிர்க்கிறார்கள். கண்மாய் வரத்துப் பகுதியில் தைலமரக் காடு நின்றால் மழைநீர் கண்மாய்க்கு வந்து சேருவதில்லை என்பது அவர்களின் நீண்டநாள் குறை. மரத்தின் குணம் மாறவில்லை. தண்ணீர் மிகுந்த இடத்துக்குப் பொருந்தியது, தண்ணீருக்குத் தவிக்கும் இடத்துக்குப் பொருந்தவில்லை.

பறிபோன பூங்கா

1871இல் வூர்ட்டம்பர்க் மன்னர் முல்லருக்குப் பிரபு பட்டம் கொடுத்தார். லண்டன் ராயல் சொசைட்டி அதற்குப் பத்து ஆண்டு முன்பே அவரை உறுப்பினராக்கியிருந்தது. வெளிநாடுகளில் பெயர் வளர்ந்த அதே நேரத்தில், சொந்த ஊரில் முணுமுணுப்பும் வளர்ந்தது.

மெல்பர்ன் மக்கள் பூங்காவில் புல்வெளியும் நீரூற்றும் பூப்படுகையும் எதிர்பார்த்தார்கள். முல்லர் அதை ஆராய்ச்சிப் பண்ணை போல நடத்தினார். மரங்களை வரிசையாக நட்டு, பெயர்ப்பலகை வைத்து, எது தழைக்கிறது என்று பார்ப்பதே அவர் நோக்கம். குடும்பத்தோடு உட்கார நல்ல இடம் இல்லையே என்று பத்திரிகைகளிலும் சட்டசபையிலும் குறை சொன்னார்கள். 1873இல் அரசு அவரை இயக்குநர் பொறுப்பிலிருந்து விலக்கி, அழகு வடிவமைப்பில் தேர்ந்த வில்லியம் கில்ஃபாயிலை நியமித்தது. அரசுத் தாவரவியலாளர் என்ற பதவி மட்டும் மிஞ்சியது. பூங்காவுக்குள் இருந்த வீடு போனது. அதன் பிறகு அந்தப் பூங்காவுக்குள் அவர் காலெடுத்து வைக்கவே இல்லை என்று சொல்வார்கள்.

கில்ஃபாயில் அமைத்த பூங்காவை இன்றும் உலகமே பாராட்டுகிறது. அதனால் யார் செய்தது சரி என்று எளிதில் தீர்ப்புச் சொல்ல முடியாது. மரத்தின் இயல்பை அறிபவர் ஒருவர், அதை அழகாக நிறுத்துபவர் ஒருவர். பூங்காவுக்கு இரண்டும் வேண்டியிருந்தது, ஆனால் ஒரே இடத்தில் இருவரும் வேலை செய்யும் ஏற்பாடு அமையவில்லை.

அவருக்கு இன்னொரு ஏமாற்றமும் உண்டு. ஆஸ்திரேலியத் தாவரங்களின் முழு நூலைத் தானே எழுத வேண்டும் என்பது அவர் கனவு. பழைய மாதிரிகள் எல்லாம் ஐரோப்பாவில் இருந்ததால், அந்த வேலை லண்டன் கியூ தோட்டத்தின் ஜார்ஜ் பெந்தமுக்குப் போனது. 1863 முதல் 1878 வரை ஏழு தொகுதிகள் வந்தன. முல்லர் மனக்கசப்பை வைத்துக்கொண்டு ஒதுங்கவில்லை. தன்னிடமிருந்த மாதிரிகளைக் கட்டுக் கட்டாகக் கப்பலில் அனுப்பினார். அவை இல்லாமல் அந்த நூல் முழுமை அடைந்திருக்காது.

தவறும் செய்தார். ஆற்றோரம் மண் அரிக்காமல் இருக்கும், வழிப்போக்கருக்குப் பழம் கிடைக்கும் என்று ஐரோப்பிய பிளாக்பெரி முட்செடியைப் பரப்பினார். இன்று ஆஸ்திரேலியா முழுவதும் பெரும் களையாக அறிவிக்கப்பட்ட செடி அது. நமக்குச் சீமைக் கருவேலம் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. நல்ல எண்ணத்தில் கொண்டுவந்த செடி என்பதால் மட்டும் அது நல்ல செடி ஆகிவிடாது.

முல்லர் திருமணம் செய்துகொள்ளவில்லை. இருமுறை நிச்சயமாகி நின்று போனது. வாடகை வீட்டில் எளிமையாக வாழ்ந்து, சம்பளத்தில் பெரும் பகுதியைப் புத்தகத்துக்கும் செடி சேகரிப்பவர்களுக்கும் செலவழித்தார். 1896 அக்டோபர் 10 அன்று மெல்பர்னில் காலமானார். செயின்ட் கில்டா கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தொட்டியில் வைக்க நினைப்பவர்களுக்கு

ஆஸ்திரேலியப் போன்சாய் வளர்ப்பவர்களும் முதலில் ஜப்பானிய பைன், மேப்பிள் மரங்களைத்தான் தேடினார்கள். தங்கள் மண்ணின் யூகலிப்டஸ் போன்சாய்க்கு ஆகாது என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. மரத்தின் இயல்பு புரிந்த பிறகு நிலைமை மாறியது. இன்று கான்பரா தேசிய மரப்பூங்காவின் போன்சாய்த் தொகுப்பில் அந்நாட்டு மரங்களும் இடம் பெறுகின்றன. நர்சரி இளைஞருக்கு நான் சொன்ன குறிப்புகள் இவை:

இனத் தேர்வு முதலில். நீலகிரியில் வளரும் நீல யூகலிப்டஸும் பனி யூகலிப்டஸும் மதுரை வெயிலுக்கு ஆகாது. நம் சமவெளியில் காகித ஆலைக்காக வளர்க்கும் கமால்டுலென்சிஸ், டெரிடிகார்னிஸ் இனங்கள் பொருந்தும். இலைக் காம்பிலும் நடு நரம்பிலும் முடிச்சு முடிச்சாக இருக்கும் கன்றைத் தொடாதீர்கள். அது குளவித் தாக்குதல்.

பல இனங்களில் தண்டின் அடியில் கிழங்கு போல ஒரு புடைப்பு உண்டாகும். அதில் உறங்கும் மொட்டுகள் உண்டு. பட்டைக்கு அடியிலும் அப்படியே. அதனால் பருத்த தண்டை வேண்டிய உயரத்தில் வெட்டினால், கீழே பல தளிர்கள் வெடிக்கும். அவற்றில் இரண்டு, மூன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். விட்ட தளிர்களின் நுனியை அவ்வப்போது கிள்ளினால் இலை சிறுக்கும்.

மேலே வெட்டுவதையும் வேர் வெட்டுவதையும் ஒரே நாளில் செய்யாதீர்கள். முதலில் தண்டை வெட்டி, புதுத் தழை நன்றாக வந்த பிறகு தொட்டி மாற்றுங்கள். மரம் சுறுசுறுப்பாக வளரும் பருவத்தில், மழை பெய்து வெயில் தணிந்த நாளில் செய்வது நல்லது. அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காமல், இரண்டு, மூன்று வாரம் நிழலில் வையுங்கள்.

கம்பி கட்டுவதென்றால் தளிர் பச்சையாக இருக்கும்போதே கட்டி வளைக்க வேண்டும். முற்றிய கிளை வளையாது, வளைத்தாலும் நிமிர்ந்துகொள்ளும். மரம் வேகமாகப் பருப்பதால் கம்பி பட்டைக்குள் புதைந்துவிடும். வாரம் ஒருமுறை பார்த்து, இறுகினால் வெட்டி எடுங்கள்.

பைன் மரம் போலக் கூம்பாக வெட்டாதீர்கள். கீழே தண்டு வெறுமையாகவும், கவையாகப் பிரிந்து நுனியில் மட்டும் தழையாகவும் நிற்பதே இதன் வடிவம். நிழல் விழும் கிளையை இந்த மரம் தானே காய விட்டுவிடும். அதனால் முழு வெயில் வேண்டும்.

தண்ணீர்தான் முக்கியம். ஆழமில்லாத தொட்டி நம் கோடையில் ஒரு பகலில் காய்ந்துவிடும். தொட்டியை அகன்ற தட்டில் ஓர் அங்குலம் தண்ணீர் விட்டு வைக்கலாம். அந்தத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை கொட்டி மாற்றுங்கள். காய்ச்சல் மரம் என்று பெயர் வாங்கிய மரத்தின் அடியில் நாமே கொசு வளர்க்கக் கூடாது.

நர்சரி இளைஞரின் கேள்விக்குப் பதில்

விற்கலாமா என்று கேட்டாரே, தாராளமாக விற்கலாம் என்றேன். தொட்டியில் இருக்கும் தைலமரம் கண்மாய்த் தண்ணீரைக் குடிக்காது, குடம் தண்ணீரில் அடங்கிவிடும். அதே மரத்தைக் கண்மாய்க்கரையிலோ வரத்துக் கால்வாய் ஓரத்திலோ நடுவதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஆனால் இன்னொன்றும் சொன்னேன். தைலமரம் ஆஸ்திரேலியர்களுக்கு மண்ணின் மரம், நமக்கு விருந்தாளி. நம் மண்ணின் மரங்கள் திருப்பரங்குன்றம் பாறை இடுக்கிலேயே நிற்கின்றன. இச்சி, ஆல், அத்தி, விளா எல்லாம் தொட்டிக்கு நன்றாகப் பழகும். மலையிலிருந்து பிடுங்க வேண்டாம், அது குற்றம். விதையும் போத்தும் போதும். தைலமரத் தொட்டிக்கு அருகில் இவற்றையும் வைத்தால் வாங்குபவர் தேடி வருவார்.

வேளாண் அலுவலர்களும் வனவியல் விரிவாக்கப் பணியாளர்களும் விவசாயிக்கு ஒரு கன்றைப் பரிந்துரைக்கும் முன், முல்லரின் வாழ்க்கையை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். மரத்தை அவரளவுக்கு அறிந்தவர்கள் குறைவு. இருந்தும் போய்ச் சேரும் இடத்தை அறியாமல் அனுப்பிய விதை சில ஊர்களில் நன்மையாகவும், சில ஊர்களில் வழக்காகவும் முளைத்தது. கன்று கொடுக்கும் முன் அந்த நிலத்தின் கிணற்றை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

நர்சரி இளைஞர் தொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் வரும்போது, பாறை இச்சியின் போத்து ஒன்றை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பக்கத்துத் தோட்டத்து மரத்தில் கேட்டு வாங்கியது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.